இன்று திருத்தப்பட்டது

பட்டியலின் நூற்று எழுபதாவது வரியில் ஒரு தேதி தப்பாக இருந்தது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மழை மூடிய மத்தியானம். ஈரத் துணி வாசனையும் சூடேறிய தூசி வாசனையும் கலந்து கிடந்த அந்தச் சின்ன அறையில், ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் தன் மகனின் கணினி முன் உட்கார்ந்து, அதற்குள் குடியிருக்கும் நானூற்றுச் சொச்சம் மென்பொருள்களில் எது எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று, மூக்குக்கண்ணாடி திரையில் இடிக்க இடிக்கச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். விட்டால் கடலையே சங்கிலி போட்டு அளந்து நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டு வரக்கூடிய மனுஷர். ஒரு தகரப் பெட்டிக்குள் இருப்பதை அளக்க மாட்டாரா?

உடனே புதுப்பிக்காவிட்டால் அடுத்த மாதம் பெட்டி எழுந்திருக்காது என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார். ஆனால் புதுப்பிக்கும் முன் தேதி பார்த்தாக வேண்டும். வெளிவந்து பதினைந்து நாள் ஆகாத எதையும் ஏற்றக் கூடாது. ஊரில் நாலு பேர் முதலில் போட்டுப் பார்த்து அலறி முடிக்கட்டும். அது அந்த வீட்டில் மகன் போட்டுவைத்த சட்டம்.

மகன் போய் எட்டு மாதம் ஆகிறது. அவன் செய்துவைத்த 'வாசிப்பான்' மட்டும் தினமும் காலையில் அவன் குரலிலேயே அப்பாவுக்குச் செய்தி படித்தது. புதுப்பிக்கும்போது அது அழிந்தால், அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"பால் பாக்கெட்டுக்குக்கூட நீங்க இவ்ளோ தேதி பாத்ததில்ல," என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "திரிஞ்ச பாலக் குடிச்சிட்டு, பிரமாதம்னு சொன்ன ஆளு."

"சும்மா இரு. இங்க வந்து பாரு. வாசிப்பான், கடைசியா திருத்தினது... நேத்துன்னு காட்டுது."

"கண்ணாடியத் தொடைங்க."

துடைத்தார். மறுபடி பார்த்தார்.

இன்று.

அதை மகனைத் தவிர யாராலும் திருத்த முடியாது. கடவுச்சொல்லை அவன் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வரி குறிப்பு எழுதுவது அவன் வழக்கம். சர்வேயர் குறிப்பைத் திறந்தார். மூன்று வரிகள் இருந்தன. முதலிரண்டை உரக்கப் படித்தார்.

"அப்பா இருமினால் வாசிப்பு நிற்கும்."

"அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவது இப்போது கேட்கிறது."

மடித்த துணி மனைவியின் கையிலிருந்து நழுவியது. "அது... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றார் அவர்.

மூன்றாவது வரியை அவள்தான் குனிந்து படித்தாள். "மூச்சு சேர்க்கப்பட்டது."

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"புதுச ஏத்துங்க," என்றாள்.

"பதினஞ்சு நாள் ஆகலடி. பழைய குரல் போயிடும்."

"பழசு செய்திதானே படிக்குது? எட்டு மாசமா என்னை ஒரு தடவகூட அம்மான்னு கூப்பிடல. ஏத்துங்க."

ஆயுளில் ஒரு தடவைகூட அளவு தவறாதவர் சட்டத்தை மீறினார். பொத்தானை அழுத்தினார்.

திரையில் நீலக் கோடு ஊர்ந்தது. பாதி. முக்கால். பழைய பதிப்பு நீக்கப்பட்டது என்று ஒரு வரி.

கோடு நிறைந்தது.

ஒலிபெருக்கியிலிருந்து சொல் எதுவும் வரவில்லை.

மூச்சு வந்தது.

ஓர் இழுப்பு. நீண்ட இடைவெளி. சளிக்குள் கொதிக்கும் இன்னோர் இழுப்பு. ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் அவன் கட்டிலருகே இருவரும் உட்கார்ந்து கேட்ட அதே மூச்சு. எப்போது நிற்கும் என்று மனதுக்குள் கேட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்ட அதே மூச்சு.

"நிறுத்துங்க!"

நிறுத்தத் தெரியவில்லை. ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். மின்கம்பியைப் பிடுங்கினார். திரை செத்தது.

மூச்சு சாகவில்லை.

இழுப்பு. இடைவெளி. இழுப்பு.

"இங்கதான் இருக்கான்," என்றாள் அவள். குரலில் பயம் போய்விட்டிருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவள் தரையில் சம்மணமிட்டு, பெட்டியை மடியில் இழுத்து வைத்து, அதன் முதுகை மெல்ல நீவத் தொடங்கினாள்.

"மெதுவா விடுப்பா. அவசரமில்ல. அம்மா எங்கயும் போகல."

அவள் உள்ளங்கைக்குக் கீழே தகரம் உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது.