வாசல் ஆள்

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று வெளியே நல்ல வெயில். பழக்கிடங்குக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. இரும்புக் கதவுகள் வரிசையாக நிற்கும் தாழ்வாரத்தில் ஆப்பிள் வாசனை. அதற்கடியில் லேசாக அமோனியா நெடி.

"ஒருத்தர் உள்ளே போனா இன்னொருத்தர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவர்தான் வாசல் ஆள்," என்றார் அத்தான். அக்காவின் கணவர், கிடங்கின் மேற்பார்வையாளர், இந்த வேலையை வாங்கித் தந்தவர். "விட்டா கதவு தானா சாத்திக்கும், கொண்டி விழுந்துடும். உள்ளேருந்து திறக்க முடியாது. என்ன முழிக்கிற, தொட்டாச்சிணுங்கி? நான் இருக்கேன்ல."

பழம் பிரிக்கும் பெண் பிறகு காதோரம் சொன்னாள். "உங்க அத்தான் சிங்கம்டி. போன வருஷம் கடைசி அறையில கேஸ் கசிஞ்சப்ப, கதவைச் சாத்தி எங்க எல்லாரையும் காப்பாத்தினாரு. உள்ளே இருந்த மெக்கானிக் அண்ணன்தான் பாவம். உடனே உசிரு போயிடுச்சாம்."

"உடனேன்னு யார் சொன்னா?"

"உங்க அத்தான்தான். அவருதானே வாசல் ஆள்!"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கடைசி அறைக்குள் யாரோ தட்டினார்கள். உள்ளங்கையால், படபடவென்று. பிறகு தளர்ந்து. பிறகு வெகுநேரம் கழித்து, ஒரே ஒரு தட்டு.

"ஐஸ் விரியுது," என்றார் அத்தான். டப்பாவை மூடிவிட்டார். சாதம் பாதிக்கு மேல் இருந்தது.

அவள் இயற்பியல் படித்தவள். ஐஸ் விரியும். களைத்துப்போகாது.

அதன்பிறகு அவரைக் கவனித்தாள். மற்ற கதவுகளில் சாய்ந்து நின்று கதையளப்பவர், அந்தக் கதவை மட்டும் எதிர்ச்சுவரை ஒட்டிக் கடந்தார். அந்தக் கதவின் உட்புறத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். பெயின்ட்டுக்கு அடியில் நகம் இழுத்த கோடுகள்.

ஒரு பிற்பகல் அந்த அறையின் விசிறி நின்றுபோனது. உள்ளே குளிர் அளவு காட்டும் மீட்டரைப் பார்ப்பது அவள் வேலை.

"நீங்க நிப்பீங்களா அத்தான்?"

"போடி. நிக்கிறேன்."

பெட்டிகளைத் தாண்டி மீட்டர் வரை போயிருப்பாள். நெடி மூக்கில் ஏறியது.

கதவருகே தட்டும் சத்தம்.

அவள் திரும்பியபோது அத்தானின் முகம் தெரிந்தது. பிறகு முகம் இல்லை. கதவு வந்து மூடியது. கொண்டி விழுந்தது. ஓடும் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

இருட்டு.

தடவித் தடவிக் கதவை அடைந்தாள். தட்டக்கூடக் கை எழவில்லை.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. பல் கிட்டித்தது. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணே... எவ்வளவு நேரம் உயிரோட இருந்தீங்க?"

தட்டல் ஆரம்பித்தது. அவள் காதுக்குப் பக்கத்தில். படபடவென்று, பிறகு தளர்ந்து. முடியவே முடியாது போலிருந்தது. அவள் காதைப் பொத்தவில்லை. கடைசித் தட்டு வரை கேட்டாள்.

அப்புறம் அவள் கைமேல் ஒரு கை படிந்தது. ஐஸைவிடக் குளிர்ந்த கை. அது அவள் கையோடு கதவைத் தள்ளியது.

வெளியே கொண்டி எழும் சத்தம். கதவு திறந்தது. தாழ்வாரத்தில் யாருமில்லை.

அத்தான் கிடங்கின் வெளிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"ஏன்டி தட்டினே?"

"நான் தட்டல. அன்னைக்கு அந்த அண்ணனும் இப்படித்தான் தட்டினாரா?"

அவர் தரையைப் பார்த்தார். "ஓடிட்டா கேக்காதுன்னு நினைச்சேன்."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "என்னடி ஆச்சு இந்த மனுஷனுக்கு? வந்ததிலேருந்து போர்வைக்குள்ள கிடக்கறாரு. இங்க துணி அலமாரிக்குள்ள எலி வேற புகுந்திருக்கு. கேளு, தட்டறதை."

போனில் கேட்டது. படபடவென்று. பிறகு தளர்ந்து.

"அக்கா, அதுகிட்ட போகாத!"

பின்னால் அத்தான் அலறினார். தட்டல் நின்றது. கடைசித் தட்டுக்காக அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

அது வரவில்லை. கொண்டி மெல்ல எழும் சத்தம்தான் வந்தது.

"என்னடி இது," என்றாள் அக்கா. "நான் இன்னும் கிட்டவே போகலையே."