பின்சீட்டின் சூடு

14 ஜூன் 2021, திங்கள். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். வேனில் ஏறியவர்கள் மூன்று பேர்; வெப்பநிலை நான்கு எழுதியிருக்கிறேன். நான்காவது 91.2. யாருடையது என்று நினைவில்லை. அடுத்த முறை சரிபார்க்க வேண்டும்.

ஊரடங்கில் மாலை வகுப்பு நின்றபிறகும் சசிரேகா அங்கே டீச்சர் எழுதச் சொன்ன நாட்குறிப்பை விடவில்லை. கிளென்மார்கன் எஸ்டேட்டிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் அவளுக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. ஏறுகிறவர் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்து எழுத வேண்டும். கையில் சானிடைசர் ஊற்ற வேண்டும். தள்ளித் தள்ளி உட்காரவைக்க வேண்டும். காலியாக விடவேண்டிய சீட்டுகளில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியதும் அவள்தான்.

அடுத்த திங்கள், நிறைமாதமாக இருந்த அக்கா செல்விக்கு மதியமே பிரசவ வலி எடுத்துவிட்டது.

"தெனமும் நெத்திக்கு நேரா துப்பாக்கி புடிக்கற. என்னிக்காச்சும் சுட்டுப்போடாத சசி" என்றார் டிரைவர் சுடலைமணி.

"மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்கண்ணா. அப்பறம் பாக்கலாம்."

சுடலைமணி 97.4. செல்வி 97.8. சசிரேகா 97.6. மூன்றையும் எழுதினாள். பிறகு, யாரும் பார்க்காதபோது, செல்விக்கு நேர் பின்னால் குறி ஒட்டியிருந்த காலிச் சீட்டின் பக்கம் வெப்பமானியைத் திருப்பினாள்.

94.0.

மெஷின் கோளாறாக இருக்கும். இல்லையென்றால் தன் கை நடுங்கியிருக்கும். அதே பின்வரிசையின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

பைக்காராவைத் தாண்டும்போது மதியம் இரண்டரை மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருந்தது. காற்றோட்டத்துக்காகத் திறந்துவைத்த ஜன்னல்கள் வழியே மூடுபனி நனைந்த துணிபோல உள்ளே வந்து முகத்தில் படிந்தது, வைப்பர் தேய்ந்து தேய்ந்து முனகியது, சானிடைசர் வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்ல மேலேறியது. நீலகிரித் தைலமும் வியர்வையும்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாள் அப்படித்தான் மணப்பாள்.

மே மாதம் அதே சீட்டில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சசிரேகாவின் பக்கம் கையை நீட்டினாள். "புடிச்சுக்கோ கண்ணு." சசிரேகா பிடிக்கவில்லை. தொடக் கூடாது என்பது விதி. காளியம்மாள் திரும்பி வரவில்லை. மறுநாள் சசிரேகா அந்தச் சீட்டைக் கழுவி, குறி ஒட்டினாள்.

"ஜன்னல மூடேன் சசி. குளுருது" என்றாள் செல்வி.

வெப்பமானியை எடுத்தாள். செல்வி 96.1. காலிச் சீட்டு 95.7.

அடுத்த வளைவு. செல்வி 95.2. சீட்டு 96.6.

"அண்ணா, வேகமாப் போங்க."

"பனியில ரோடே தெரியல சாமி. எங்கத்த வேகமாப் போறது?"

செல்வியின் உதடு வெளுத்திருந்தது. வயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அவள் சீட்டின் முதுகுத் துணியில், பின்பக்கத்திலிருந்து, ஐந்து பள்ளங்கள். ஒரு கை ஊன்றியதுபோல.

பள்ளங்கள் ஆழமாயின.

சசிரேகா எழுந்தாள். சிவப்பு டேப்பைப் பிய்த்தாள். அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள்.

சூடு. இப்போதுதான் யாரோ எழுந்த சூடு. இல்லை. யாரும் எழவில்லை.

"அன்னிக்கு நான் புடிக்கல" என்றாள் மெதுவாக. "தப்புதான். இப்ப புடிக்கறேன். ஆனா எங்கக்காவ விடு. வயித்துல இருக்கறதயும் விடு."

வலது கையை நீட்டினாள்.

"யார்கிட்டடி பேசற?" என்றாள் செல்வி.

சசிரேகாவின் விரல்களுக்கிடையே விரல்கள் நுழைந்தன. ஈரமான, மெலிந்த விரல்கள். இறுகின.

இடது கையால் வெப்பமானியைத் தூக்கினாள். செல்வி 96.9. அடுத்த வளைவில் 97.8.

தன் நெற்றிக்குத் திருப்பினாள். எண் வரவில்லை.

21 ஜூன் 2021, திங்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையை இன்னும் விடவில்லை. நானும் விடப்போவதில்லை.

நாளை: காலை ஏழு மணி வேனில் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். அதே சீட்டில் உட்கார வேண்டும்.