வீட்டுக்காரி அழைத்தவர்

பர்மாவில், அலோன் பேட்டையில் கிடங்குகளுக்குப் பின்னால் அந்தப் பலகை வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது இரண்டாயிரத்து நாலில், நல்ல மழைக்காலத்தில். ஒரே வாசல். நான், மனைவி மஞ்சுளா, மகள் தங்கமணி, மூன்றே பேர்.

ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் வந்தது. பக்கத்துப் பேட்டை லான்மடாவில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த இங்கிலாந்துப் படத்தைத் தங்கமணி போட்டாள். காசில்லாதவர்கள் பிடித்த மலிவுப் படம். ஒரு வீடு, ஒரு குடும்பம், வெளியே நின்று அவர்களையே பார்க்கும் ஒருவன். சாம்பல் கம்பளிக் கோட்டு. முகம் தெரியவில்லை. மழையில் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

நாங்கள் சோற்றில் கை வைத்திருந்தோம். வாசலில் ஆள் நிற்க, தான் சாப்பிடுவது மஞ்சுளாவுக்கு ஆகாது.

"ஏன்யா நனையிறே? உள்ள வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றாள் டிவியைப் பார்த்து.

"அம்மா, அவன் கொலைகாரன்மா!"

"கொலைகாரனுக்குப் பசிக்காதாடி?"

அவன் திரும்பி நடந்தான். அப்புறம் படத்தில் வரவே இல்லை. அந்தக் குடும்பம் கடைசி வரை சும்மா டீ குடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்குள் ஈரக் கம்பளி நாறியது.

மறுநாள் சாயங்காலம் வார்டு அதிகாரி ஊ தான் மாங் வந்தார். வெளியாள் ஒரு ராத்திரி தங்கினாலும் இங்கே ஆபீஸில் எழுதி வைக்க வேண்டும்.

"விருந்தாளி வந்ததைச் சொல்லலையே?" என்றார் பர்மா பாஷையில்.

"யாருமில்லையே, சயா" என்றேன் மரியாதையாக.

"அப்போ உன் மக பின்னால நிக்கிறது யாரு?"

திரும்பினேன். தங்கமணி மட்டும்தான்.

"அப்பா..." அவள் உதடு மட்டும் அசைந்தது. "கழுத்துல மூச்சு படுது."

பிள்ளையைக் காப்பாற்ற அந்த வாரமே ஊர்க் கோடியில் இருக்கும் ஷ்வேப்யிதாவுக்குக் குடிபோகக் கிளம்பினோம். வீட்டில் யார் யார் என்று வார்டில் எழுதித் தரும் குடும்பப் பட்டியல் இல்லாமல் எங்கும் குடிபோக முடியாது. ஊ தான் மாங் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். புது வார்டு ஆபீஸில் குமாஸ்தா அதைப் பிரித்து மேஜையில் வைத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

எங்கள் மூன்று பெயர். கீழே நாலாவது வரி.

பெயர் இல்லை. வயது இல்லை.

உறவுக் கட்டத்தில் மட்டும்: வீட்டுக்காரி அழைத்தவர்.

மஞ்சுளா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமாஸ்தா எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"அவரை ஏன் மழையில நிக்க வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். "வாங்க, உள்ள வாங்க."

தங்கமணியின் கை மெல்லக் கழுத்துக்குப் போனது.