அக்காவின் பக்கம்

கூடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எனக்குப் பேய் என்றால் கேலிதான். வைரஸைவிடவா பேய் பொல்லாதது என்பேன். தேவர்சோலைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் வந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டியிருந்த சமயம். மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. தேயிலை வாசனையே இல்லாத எஸ்டேட்டை அன்றுதான் பார்த்தேன். ஈரத் தகரமும் பழைய அடுப்புப் புகையும்தான் மணத்தன.

கொழுந்து பறிக்கும் தெய்வம்மா கதவைத் திறந்தார். வீடு என்பது ஒரே அறை, காம்பரா என்பார்கள். சின்ன மகள் சரிதா பாயில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய அக்கா சுமலதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப். தங்கை படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள், காய்ச்சலோடு திரும்பி வந்து மாசியில் கண்ணை மூடிவிட்டாள்.

சரிதாவுக்குக் கோயம்புத்தூரில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. விண்டோஸ் போட்ட லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். இதில் இருந்ததோ லினக்ஸ். அந்த வேலையை விட்டால் அந்த வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இல்லை.

"அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாங்கம்மா. போட்டோவெல்லாம் தனியா எடுத்துத் தந்துடறேன்," என்றேன்.

"வேணாந் தம்பி. அவ வச்சது வச்ச மாதிரி இருக்கணும். சாயங்காலம் தொறந்து பார்த்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

"அப்ப ரெண்டையும் வச்சுக்கலாங்க. ஒரே லயத்துல நடுவுல சுவரு வச்சு ரெண்டு குடும்பம் இருக்குதில்லீங்களா, அந்த மாதிரி. அக்கா பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கினா தங்கச்சிக்கு எடம் கெடைச்சுரும்."

லேப்டாப்பில் இடம் பிரிக்கும் புரோகிராமைத் திறந்தேன். திரையில் நீளமாக ஒரு பட்டை தெரிந்தது. மொத்த இடமும் அக்காவுடையது. அதன் ஓரத்தைப் பிடித்துப் பாதிவரை இழுத்தேன். கையை எடுத்ததும் பட்டை பழையபடி நீண்டது.

மறுபடி இழுத்தேன். மறுபடி நீண்டது.

காம்பராவுக்குள் குளிர் ஏறிக்கொண்டே போனது.

"அக்காவுக்கு மனசில்லைபோல," என்றாள் சரிதா, மெதுவாக.

தெய்வம்மா திரையருகே குனிந்தார். தூங்கும் பிள்ளையிடம் பேசுவது போலிருந்தது அவர் குரல்.

"சுமா, தங்கச்சிக்குக் கொஞ்சம் எடம் குடு கண்ணு. அவ பொழைக்கணுமில்ல?"

என் கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன.

பட்டை சுருங்கியது.

பாதிக்கு வந்தும் நிற்கவில்லை.

"போதும் தம்பி, நிறுத்துங்க," என்றார் தெய்வம்மா. எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். சரிதா வயரைப் பிடுங்கினாள். பேட்டரியையே கழற்றிவிட்டேன். திரை அணையவில்லை. பட்டை விரல் அகலமாகி, நூலாகி, இல்லாமலே போனது. அப்புறம்தான் அணைந்தது.

பேட்டரியை மாட்டித் தேடாத இடமில்லை. சுமலதாவின் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் விட்டுக்கொடுத்த இடத்தில் விண்டோஸைப் போட்டேன். கடைசியில், யார் பயன்படுத்தப் போகிறீர்கள், பெயர் என்ன என்று அது கேட்டது.

யாரும் தொடவில்லை. எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

பாப்பு.

"அக்கா மட்டுந்தான் என்னைய அப்படிக் கூப்பிடும்," என்று சரிதா விசும்பினாள்.

தெய்வம்மா அந்தப் பெயரை விரலால் தடவினார்.

"கொஞ்சந்தானடி கேட்டேன்," என்றார்.