மூன்றாவது முறை அறுபட்ட குழாய்

“மறுபடியும் அறுத்துட்டாங்க, வாண்டா!”

பள்ளிப் பேருந்து ஓட்டும் சீருடையோடேயே டெரீஸ் கோல்மன் வீடு விற்கும் முகவரின் அலுவலகத்துக்குள் வந்து நின்றாள். வங்கி கைப்பற்றி விற்கும் அந்த வீட்டுக்கு அவள் விலை பேசி நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்கு முன் பேசிய இரண்டு பேரும் இதே காரணத்தால் ஓடிப்போயிருந்தார்கள். முதலில் சமையலறைக் குழாய், பிறகு மாடிக் குளியலறை, இப்போது நிலவறை. வங்கியோ, இருக்கிற நிலையில் எடுத்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்றது. டெரீஸும் மகளும் தங்கை வீட்டு சோபாவில் ஒண்டிக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது.

“பழைய சொந்தக்காரிதான். வீடு போன வயித்தெரிச்சல். வேற யாரு?”

வாண்டா நாவாக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். டொலீடோ நகரில் இருபத்திரண்டு வருடமாக வீடு விற்பவள். “இருக்கலாம். பாத்துட்டுப் பேசுவோம்மா.”

மார்ச் மாதப் பனி சாக்கடையோரம் கறுத்துக் கிடந்தது. முற்றத்துப் பலகையில் ‘விலை பேசியாயிற்று’ என்ற பட்டை தொங்கியது. கதவுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. நிலவறை ஜன்னல் விளிம்பில் மட்டும் தூசி துடைத்தாற்போல் இருந்தது. அறுத்த செம்புக் குழாய்கள் சுவரோரம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தெருவிலிருந்து வரும் தண்ணீரை, அறுக்கும் முன்பே யாரோ மூடியிருந்தார்கள்.

மாடியில் ஒரு சின்ன அறை. புது வெள்ளை அடித்த வாசனை இன்னும் போகவில்லை. சூடேற்றிக்குப் பின்னால் பழைய பச்சை எட்டிப் பார்த்தது. ஜன்னல் திரைகள் எல்லாம் இறக்கிக் கிடந்தன. “பிப்ரவரியில வங்கி ஆளுங்க அடிச்சது,” என்றாள் வாண்டா.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு எமில் சாபோ வேலியருகே நின்றிருந்தார். ஓய்வுபெற்ற குழாய்க்காரர்.

“இந்த வீடு வேணாம், பொண்ணே. ராசியில்லாத வீடு.”

“நீங்க உள்ள போயிருக்கீங்களா?” என்று வாண்டா கேட்டாள்.

“நவம்பர்ல லொரெய்ன் வீட்டைக் காலி பண்ணப்ப அவ பெட்டியத் தூக்கிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் படி மிதிக்கல. மாடில பையன் ரூம் இருக்கே, அந்த வெள்ளை ரூம், அங்க கூரை ஒழுகும். சொல்லிட்டேன்.”

வாண்டா திரும்பி, திரை இறக்கிக் கிடந்த மாடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, “உங்க வீட்ல காப்பி கிடைக்குமா, மிஸ்டர் சாபோ?” என்றாள்.

சமையலறை மேசையில் மூன்று கோப்பைகள் வந்தன. டெரீஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“திருடன்னா செம்பை விட்டுட்டுப் போகமாட்டான்,” என்றாள் வாண்டா. “வயித்தெரிச்சல்ல அறுக்கிறவ தண்ணியை மூடிட்டு அறுக்கமாட்டா, வீடு நாசமாகட்டும்னுதான் நினைப்பா. இவரு வீட்டுக்கு வலிக்காம அறுத்திருக்காரு. மூணு தடவையும் நான் அந்தப் பட்டையைத் தொங்கவிட்ட ரெண்டே நாள்ல நடந்திருக்கு. அப்ப தினம் பலகையைப் பாக்கிற ஆளு. நவம்பர்ல அந்த ரூம் பச்சை, மிஸ்டர் சாபோ. வெள்ளையானது போன மாசம். உள்ள வராம அது எப்படித் தெரியும்?”

எமில் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்த ஜன்னலை மூலையில ஒரு தட்டு தட்டினா திறக்கும். ரஸ்ஸல்தான் எனக்குக் காட்டினான், லொரெய்னோட பையன். பதினேழு வயசுல அப்பன்கூடச் சண்டை போட்டுட்டுப் போனான். ஒன்பது வருஷமாச்சு. அப்பனும் செத்துட்டான். அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் அந்த வீடு ஒண்ணுதான். ‘வேத்து முகம் கதவத் திறந்தா திரும்பிப் போயிடுவான் எமில், வீட்டை விக்க விடாத’ன்னு லொரெய்ன் அழுதா. சரின்னுட்டேன்.”

டெரீஸின் கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. “நான் அவங்ககிட்டப் பேசறேன். எங்க இருக்காங்க?”

“ஜனவரியில போயிட்டா.”



“செத்துப் போனவங்களுக்காகவா இத்தனை நாளா...” டெரீஸ் முடிக்கவில்லை.

“கொடுத்த வாக்கை இனி யார்கிட்டத் திருப்பிக் கொடுக்க?” என்றார் எமில்.

வாண்டா குரலைத் தாழ்த்தினாள். “மூணு குழாயையும் பத்திரப் பதிவுக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க. யார் அறுத்ததுன்னு நான் வங்கிக்குச் சொல்லித்தான் ஆகணும். சரி பண்ணினதையும் சேர்த்துச் சொல்றேன். போலீஸ் வேணுமா வேணாமான்னு டெரீஸ் சொல்லட்டும்.”

டெரீஸ் ஜன்னல் வழியே அந்த வீட்டைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அதை மறைக்க அவளால் முடியவில்லை. “போலீஸ் வேணாம். ஆனா அந்தப் பையன் வந்தா நான் என்ன சொல்றது? அம்மா எங்கன்னு கேப்பானே. எங்க புதைச்சிருக்காங்க? என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

எமில் தயக்கத்தோடு தொப்பியை எடுத்தார். அடக்கத்தன்று போனதோடு சரி. அப்புறம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

இடுகாட்டின் கோடியில், வேலியை ஒட்டி இருந்தது அது. கல் நடவில்லை. தகரத் துண்டு ஒன்றில் பெயரும் எண்ணும் மட்டும். டெரீஸ் வரிசையை எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் வழி எழுதிக்கொண்டாள். எமில் தொப்பியைக் கழற்றினார். முழங்கால் மடங்க மறுத்தது. டெரீஸ் தோள் கொடுத்து உட்காரவைத்தாள்.

“லொரெய்ன்,” என்றார் ஈர மண்ணைப் பார்த்து. “வீடு போயிடுச்சு. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

பிறகு டெரீஸின் முழுப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இனி கதவைத் திறக்கப்போகிறவள் இவள் என்று, அதையும் அந்த மண்ணிடம் நிதானமாகச் சொன்னார்.