ஒதுக்கி வைத்த வெள்ளரிக்காய்

"என்ன குறை கண்டீங்க இதுல?"

ஜெலாப்பாங்கில் பிரமிளா நடத்தும் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடையில் காலைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. மழைக்கு ஒதுங்கிய அந்தப் புது ஆள், தட்டிலிருந்த வெள்ளரிக்காய் வில்லைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரங்கட்டியிருந்தான். விடியலில் அவள் கையால் நறுக்கியது! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குறை இல்லைங்க... இது சாமி விஷயம்."

நிமிர்ந்தான். இமையில் ஒரு மழைத்துளி. அந்தக் கண்கள்... சேச்சே, கோபத்தில் இருக்கும்போது கண்ணையா பார்ப்பது!

"தீமுன்ல என்ன லா சாமி?" வெள்ளரிக்காய்க்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

பெயர் சுகுமாரன். ஜப்பானில் வேலை. அக்கா கல்யாணத்துக்கு வந்தவன், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். அவன் குடியிருக்கும் ஹக்காத்தா பேட்டையில் இந்த ஜூலை மாதம் திருவிழா. பதினைந்தாம் தேதி விடியலில் பெரிய தேரைத் தோளில் சுமந்துகொண்டு ஓடுவார்கள். வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால் அந்தக் கோயில் சின்னம் மாதிரியே இருக்குமாம். அதனால் திருவிழா முடியும்வரை பேட்டைக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

"தேருக்கு யாமான்னு பேரு. நானும் யாமா தூக்குறவன்."

"எமனத் தூக்குறீங்களா? அதான் மூஞ்சியிலயே தெரியுது!"

கடையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"போன புதுசுல பேச ஆளில்லாம கெடந்தேங்க. அந்தத் தெருக்காரங்கதான் கூப்பிட்டு, எங்களோட தோள் குடுன்னாங்க. அவங்களுக்காகவாவது..."

முடிக்காமல் கை கழுவிவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும். ஆத்திரம் முதலில் அவன் மேல்தான் வந்தது... பிறகு தன் மேலேயே திரும்பியது. தீமிதிக்கு விரதம் பிடிக்கிற வீட்டுப் பெண் அவள். அதைப் பார்த்து எவனாவது சிரித்தால் சும்மா விடுவாளா? அவள் சிரித்தாளே! அவள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டால்...

சனிக்கிழமையும் மழை. தினமும் வரும் ஐயாவு அண்ணன் தட்டைத் தட்டினார்.

"எங்கம்மா பிரமிளா தீமுன்? நேத்தும் இல்ல!"

"பதினஞ்சாந் தேதி வரைக்கும் கிடையாதுண்ணே."

"சம்பால் காரத்துக்கு நான் என்னத்தக் கடிக்க?"

"தண்ணி குடிங்க!"

வாசலில் நனைந்தபடி சுகுமாரன். எல்லாம் கேட்டுவிட்டான்.

"எனக்காகவா...?"

"பின்ன? ரெண்டு நாளா ஊரே என்னை ஏசுது. நீங்க பாட்டுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க. சிரிச்சது தப்புதான்... அதைச் சொல்லக்கூட ஆளைக் காணோம்!"

"எதிர்க்கடையிலதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாத்துட்டு? உள்ள வர கால் இல்லையா?"

"ரோஷம்... விடல. நாளைக்குக் கெளம்பணும்னதும் எல்லாம் போயிடுச்சு. உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு பிரமிளா. தேர் ஓடி முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து பேசவா?"

கூட்டம் சாப்பிட மறந்து பார்த்தது. அவள் முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"வராம இருந்து பாருங்க... ஹக்காத்தாவுக்கே வந்து இழுத்துட்டு வருவேன். எனக்கும்தான் உங்களப் பிடிச்சுத் தொலையுதே!"