காலில் ஏறும் எடை

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே சுவரில் இருந்த ‘ஊன்றுகண்’ கருவி அதட்டியது. "எழுந்து நில்லுங்கள். காலில் எடை ஏறவேண்டும்."

இசக்கியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடைந்த இடுப்பெலும்புக்குள் வைத்த கம்பியிலேயே உணரி இருந்தது. கால் எத்தனை கிலோ தாங்குகிறது என்று அது ஊன்றுகண்ணுக்குச் சொல்லிவிடும்; எந்த நேரத்தில், பக்கத்தில் யார் பேசும்போது என்பதை ஊன்றுகண்ணே குறித்துக்கொள்ளும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், ரத்தம் உறையும் என்று வந்த சட்டம் இது. இருபத்தோரு நாளுக்குள் முழு எடையையும் ஊன்றாதவர்கள் மீட்பு இல்லத்துக்குப் போகவேண்டும். அங்கே போய்த் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மகன் முத்துராசு கெஞ்சிப் பார்த்தான். வலியில் அவள் அவனையும் திட்டினாள்.

நான்காம் நாள் மருமகளின் தாய் கனகமணி, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிள் பையுமாக வந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவள் அறையின் அகலத்தைத்தான் பார்த்தாள்.

"இல்லத்துக்கே போயிருங்க மதினி, நல்லாப் பாத்துக்கிடுவாங்க. இந்த ரூமு சும்மா கெடக்குமேன்னு கவலப்படாதிய. எனக்கு மாடி ரூமுக்கு ஏற முடியல, கீழ இதுதான் தோது. மககூட வந்து இருந்துக்கிடுதேன்."

"என் கட்டில்ல படுக்கதுக்கா? நான் உசுரோட இருக்கையில அது நடக்காது!"

கட்டிலருகே நின்ற நடைச்சட்டத்தைப் பிடித்து இசக்கியம்மாள் எழுந்தாள். இருபது கிலோ ஏறியது. கனகமணி சிரித்தாள். முப்பது ஏறியது.

பிறகு கனகமணி தினமும் வந்தாள், அறை எப்போது காலியாகும் என்று பார்க்க. வாசலில் அவள் குரல் கேட்டதும் இவள் எழுந்து கூடத்தைச் சுற்றுவாள். அவள் போனதும் கட்டிலில் விழுந்தால் மறுநாள் வரை அசையமாட்டாள். வீம்புக்கு நடந்தாலும் எலும்பு கூடத்தானே செய்யும்?

இருபத்தோராம் நாள், எல்லோர் முன்னாலும் நடைச்சட்டத்தை விட்டுவிட்டு நடந்தாள். முழு எடை.

"பாத்தியளா மதினி? இனி இந்த வாசல மிதிச்சிராதிய," என்றாள் கனகமணியிடம்.

ஊன்றுகண் தீர்ப்பை வாசித்தது. "நோயாளி வீட்டிலேயே இருக்கலாம்."

இசக்கியம்மாளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஊன்றுகண் நிறுத்தவில்லை.

"தனியாக இருந்தபோது ஏறிய எடை, பூஜ்ஜியம். கனகமணி இருந்தபோது மட்டுமே நடந்திருக்கிறார். எனவே மருந்து, கனகமணி. நாள் முழுதும். அவருக்கு மாடி ஏற முடியாததால் இரண்டாவது கட்டில் இதே அறையில். மருந்தை நிறுத்தினால் மீட்பு இல்லம்."

கனகமணிக்கு முகமெல்லாம் பல்லாயிற்று. "நாளைக்கே பெட்டியோட வந்திருதேன்."

"ஏ பாழாப்போன மிசினே! இவ இருந்தா நான் செத்துருவேன்!" கத்திக்கொண்டே அதைப் பிடுங்கி எறிய இசக்கியம்மாள் பாய்ந்தாள். எதையும் பிடிக்காமல், ஐந்தே எட்டு வைத்துச் சுவரருகே நின்றாள்.

"இதுவரை இல்லாத வேகம்," என்றது ஊன்றுகண். "மருந்து நன்றாகக் கேட்கிறது. ஆயுள் முழுக்கத் தொடரவும்."